கோச்சிப் பாதை நட்டமா, லாபமா?

(கண்டியில் தோட்டக் குடும்பங்கள் மத்தியில் ஆற்றிய உரை)



"கோச்சி நட்டத்தில ஓடுது, மூடினா என்ன?" என்று சிலர் கேட்கிறார்கள். அதைப்பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

கண்டிக்குக் கோச்சி வந்தது 1867இல். அதே வருஷம்தான் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். ஆனால் பாதை போட்டது கோப்பிக்காக. அதுவரை கோப்பி மூட்டைகள் மாட்டுவண்டியில் நாள்கணக்காக கொழும்புக்கு இறங்கின. பிறகு கோப்பி நோயில் அழிந்தது. தேயிலை வந்து அந்தப் பெட்டிகளை நிரப்பியது. பாதையும் 1885இல் நானுஓயாவுக்கும், 1924இல் பதுளைக்கும் ஏறியது.

அப்படியென்றால் தேயிலை ஏன் லொறிக்கு மாறியது? லொறி பெக்டரி வாசலில் ஏற்றி, கொழும்பு ஸ்டோர் வாசலில் இறக்குகிறது. கோச்சியில் அனுப்பினால் ஸ்டேஷனில் ஒரு தரம், கொழும்பில் இன்னொரு தரம் இறக்கி ஏற்ற வேண்டும். கண்டியிலிருந்து கொழும்பு சுமார் 120 கிலோமீட்டர்தான். இந்தத் தூரத்தில் மிச்சமாகும் காசு கூலிக்கே போய்விடும்.

இதற்கு நம்ம மலையிலேயே சாட்சி இருக்கிறது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலைக்குச் சின்னக் கோச்சி ஒன்று ஓடியது. பெரிய பாதையின் அகலம் ஐந்தரை அடி. இதற்கு இரண்டரை அடி. அதனால் தேயிலைப் பெட்டிகளை நானுஓயாவில் இறக்கி மாற்றவேண்டி வந்தது. பஸ்ஸும் லொறியும் பெருகியதும் அது தாக்குப்பிடிக்கவில்லை. 1940களில் மூடினார்கள். அது திரும்பி வரவேயில்லை.

ஆனா ஒரு கணக்கைக் கவனியுங்க. ரோட்டில் மண் சரிந்தால் அதைத் திருத்தும் செலவு லொறி முதலாளி கணக்கில் விழாது. தண்டவாளம் சரிந்தால் அந்தச் செலவு புகையிரதத் திணைக்களத்தின் தலையில்தான். 2025 நவம்பரில் டித்வா புயல் மலைநாட்டுப் பாதையைப் பல இடங்களில் உடைத்தது. இதையெல்லாம் சேர்த்துவிட்டு "நட்டம்" என்றால் அது சரியான கணக்கா? பிள்ளை படிக்கப் போவதும், நோயாளி பேராதனை ஆஸ்பத்திரிக்குப் போவதும் எந்தக் கணக்கில் வருகிறது?

அதற்காக நாம் சும்மா இருக்கலாமா? கூடாது. டிக்கட் எடுக்காமல் ஏறாதீங்க; விற்ற டிக்கட்டை வைத்துத்தான் ஒரு ஸ்டேஷனின் வருமானத்தைப் பார்ப்பார்கள். தேயிலை மட்டும் கீழே போனால் பெட்டி வெறுமையாக மேலே வரும். பசளை, அரிசி, மா ஏறி வந்தால் இரண்டு பக்கமும் வருமானம். இதைத் தோட்ட நிர்வாகத்திடமும் சங்கத்திடமும் கேளுங்க.

கவ்வாத்து வெட்டிய மலையில் கொழுந்து இல்லை. அதற்காக யாராவது செடியைப் பிடுங்குவோமா? பொறுத்திருந்து பராமரிக்கிறோம். கோச்சிப் பாதைக்கும் அதே பராமரிப்பைத்தான் கேட்கிறோம்.