புத்தக பீரோவின் பூட்டு திறக்கட்டும்!

(தா.பழூரில் ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



கூலியைப் பற்றிப் பேசுவார்கள், வேலை நாளைப் பற்றிப் பேசுவார்கள் என்று நினைத்து வந்திருப்பீர்கள். இன்று பள்ளிக்கூடத்துப் புத்தக பீரோவைப் பற்றிப் பேசப் போகிறோம். இதுவும் நம் வீட்டுக் காரியந்தான்.

நாம் எட்டாவது படித்த பள்ளியில் ஒரு பீரோ இருந்தது. கண்ணாடி வழியே புத்தகங்களின் முதுகு தெரியும். வருஷம் முழுவதும் பூட்டுத்தான் தொங்கும். ஒரு நாள் ஒரு வாத்தியார் மனமிரங்கி ஒரு கதைப் புத்தகம் எடுத்துக் கொடுத்தார். வீட்டுக்குக் கொண்டுபோனோம். நடவு முடித்து வந்த அம்மா பயந்துவிட்டார். "மழையில நனைஞ்சாலோ, தம்பி கிழிச்சாலோ யாருப்பா தெண்டம் கட்டுறது? நாளைக்கே கொடுத்துட்டு வந்துடு" என்றார். மறுநாளே கொடுத்துவிட்டோம். அந்தக் கதையின் முடிவு இன்றுவரை தெரியாது. அம்மாவின் மேல் குற்றமில்லை. அந்தப் புத்தகத்தின் விலை அவருக்கு ஒரு நாள் கூலி.

பீரோ ஏன் பூட்டிக் கிடக்கிறது? வாத்தியார் பொல்லாதவர் என்பதாலா? இல்லை. பதிவேட்டில் 200 புத்தகம் என்று இருந்தால், தணிக்கையில் 200 இருக்கிறதா என்று எண்ணிப் பார்ப்பார்கள். ஒன்று குறைந்தால் பொறுப்பாளர் பதில் சொல்ல வேண்டும். எத்தனை பிள்ளைகள் படித்தார்கள் என்ற கேள்வி அவ்வளவு கண்டிப்போடு வருவதில்லை. ஆகவே பூட்டி வைத்தவருக்கு நிம்மதி. திறந்து கொடுத்தவருக்குத் தொல்லை!

நம் ஊர் ஓரமாக ஓடும் கொள்ளிடம் கடலைச் சேர்வதற்குப் பக்கத்தில் இருக்கிறது சீர்காழி. அங்கே 1892ல் பிறந்தவர் எஸ்.ஆர். ரங்கநாதன். கணக்கு வாத்தியாராயிருந்து, 1924ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்து 1931ல் நூலாக வெளியிட்டார். உலகத்து நூலகர்கள் இன்றும் அவற்றைப் படிக்கிறார்கள். முதல் விதி, புத்தகம் இருப்பது பயன்படுத்துவதற்கு என்பது. இதற்கு ஒரு விதி வேண்டுமா? வேண்டும், தோழர்களே! ஒரு காலத்தில் ஐரோப்பாவில் புத்தகத்தைச் சங்கிலி போட்டு அலமாரியோடு கட்டி வைத்தார்கள். சங்கிலி போயிற்று, நம் பீரோவில் பூட்டு நிற்கிறது.

நல்ல நூலகர் என்ன செய்வார்? புத்தகத்தைப் பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில், அட்டை தெரியும்படி வைப்பார். எடுத்துப் புரட்டிப் பார்க்க விடுவார். "உனக்கு எது பிடிக்கும்?" என்று கேட்பார். மாடு மேய்க்கும் பையனுக்கு மிருகங்களைப் பற்றிய புத்தகம். மோட்டாரைப் பிரித்துப் பார்க்கும் பையனுக்கு இயந்திரப் புத்தகம். எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளையிடம் தடித்த புத்தகத்தைத் திணிக்க மாட்டார். கதையைப் பாதிவரை உரக்க வாசித்துவிட்டு நிறுத்துவார். மீதியைப் பிள்ளை தானே தேடி எடுக்கும். படித்து முடித்ததும் பரீட்சை வைக்க மாட்டார். பிடிக்காத புத்தகத்தைப் பாதியில் திருப்பிக் கொடுத்தால் கோபிக்க மாட்டார். கிழிந்தால் அடிக்க மாட்டார். பசை தடவி ஒட்டக் கற்றுக்கொடுப்பார்.

இந்த வேலைக்கு ஆள் வேண்டாமா? நம் அரசுப் பள்ளிகளில் பெரும்பாலும் தனி நூலகர் கிடையாது. பாடம் நடத்தும் ஆசிரியர் தலையிலேயே இந்தச் சுமையும் விழுகிறது. தமிழக அரசு 2023ல் துவக்கிய வாசிப்பு இயக்கம், சிறு சிறு புத்தகங்களைத் தயாரித்து நுழை, நட, ஓடு, பற என்று பிள்ளைகளின் திறனுக்கேற்பப் பிரித்துக் கொடுத்தது. நல்ல காரியம், வரவேற்கிறோம். ஆனால் அந்தப் புத்தகமும் பீரோவுக்குள் போய்விட்டால் என்ன பயன்?

ஆள் முயன்றால் நடக்கும் என்பதற்கு நம் சோழ மண்ணிலேயே சாட்சி உண்டு. 1931ல் மன்னார்குடி வட்டாரத்தில் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார். 1948ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. வீட்டு வரியோடு நூலக வரியும் நாம் கட்டுகிறோம். பொது நூலகம் யாரோ போடும் பிச்சையல்ல, நம் காசு!

ஆகவே நாம் என்ன செய்ய வேண்டும்? பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர் இருக்கிறார்கள். அங்கே கேளுங்கள்: நூலகப் பாடவேளை நடக்கிறதா? புத்தகம் வீட்டுக்கு வருகிறதா? படித்துக் கிழிந்த புத்தகத்துக்குத் தெண்டம் கேட்காதே. வாத்தியாரையும் வதைக்காதே என்று தீர்மானம் போடுங்கள். தனி நூலகரை நியமிக்கச் சொல்லி மனுக் கொடுங்கள். பிள்ளைகளைப் பொது நூலகத்தில் உறுப்பினராகச் சேருங்கள்.

தாய்மார்களே, உங்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளை புத்தகத்தோடு வந்தால் பயப்படாதீர்கள். "எனக்கும் வாசிச்சுக் காட்டு" என்று பக்கத்தில் உட்காருங்கள். எழுத்துத் தெரியாத தாய் காது கொடுத்துக் கேட்டாலே போதும். அந்தப் பிள்ளை அடுத்த பக்கத்தைப் புரட்டும்.

நமக்குக் கிடைக்காத கதையின் முடிவு நம் பிள்ளைகளுக்காவது கிடைக்கட்டும்!