வாளியின் கனமும் பாலின் தரமும்

 

பரிசளிப்பு விழாவிலே அளவைப் பற்றிப் பேசுவது பொருத்தந்தான். அளந்து பார்த்துத்தானே பரிசு கொடுக்கிறோம்! ஆனால், எதை அளக்கிறோம்?

பால்மரம் வெட்டியவர்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பாலை நிறுத்ததோடு கணக்கு முடிந்துவிடாது. மெட்ரோலாக் கருவியைப் பாலிலே மிதக்கவிட்டோ, கொஞ்சம் பாலை உறையவைத்துக் காயவைத்து நிறுத்தோ, அதில் உலர்ந்த ரப்பர் எவ்வளவு என்று பார்ப்பார்கள். ஒருவர் கொண்டுவந்தது 12 கிலோ. ரப்பர் 30 விழுக்காடு. அதாவது 3 கிலோ 600 கிராம். இன்னொருவர் கொண்டுவந்தது 10 கிலோதான். ரப்பரோ 40 விழுக்காடு. அதாவது 4 கிலோ. கனமான வாளி தோற்றுப்போச்சு! கனத்தை மட்டும் பார்த்துக் கூலி கொடுத்தால், தண்ணீருக்கும் கூலி கொடுத்ததாகும்.

ரப்பர் ஷீட்டைக் கண்ணால் பார்த்துத் தரம் பிரித்த காலம் ஒன்று இருந்தது. 1965-ல் நம் நாட்டில் 'எஸ்.எம்.ஆர்.' தரமுறை வந்தது. பார்வைக்கு எப்படி இருக்கிறது என்பதை விட்டு, அழுக்கு எத்தனை விழுக்காடு என்று சோதனைச்சாலையில் அளந்து சொன்னார்கள். வாங்குகிறவருக்கு வேண்டிய விவரம் அதுதானே!

பள்ளிக்கூடத்திற்கு வருவோம். 1988-ல் தொடங்கிய யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-ல் ரத்தானது. அதுவரை, "உங்க பள்ளியிலே எத்தனை பேருக்கு எல்லாப் பாடத்திலும் ஏ?" என்பதே ஊர்க்கேள்வி. அந்தப் பிள்ளைகளின் உழைப்பு பெரிது, மறுக்கவில்லை. ஆனால் ஏ-க்களை மட்டும் எண்ணும் பள்ளி, கெட்டிக்காரப் பிள்ளைகளையே சுற்றிவரும். வாசிக்கத் திணறும் பிள்ளை எழுத்துக்கூட்டி ஒரு பக்கம் படித்து முடித்தால், அது எந்தக் கணக்கில் வரும்?

அதற்காக, அளவே வேண்டாம் என்பதும் தவறு. அளக்காவிட்டால், பின்தங்கிய பிள்ளை யாருக்கும் தெரியாமலே வகுப்பேறிப் போய்விடும். இன்று வகுப்பறை மதிப்பீட்டில் ஆசிரியர் ஒன்று முதல் ஆறு வரை அடைவுநிலை தருகிறார். பெற்றோர்களே, அந்தத் தாளில் கையெழுத்து மட்டும் போட்டு அனுப்பாதீர்கள். "போன தடவை இரண்டு, இப்போ எத்தனை? மூன்றுக்கு வர வீட்டிலே நாங்க என்ன செய்யணும்?" என்று ஆசிரியரிடம் கேளுங்கள். இரண்டிலிருந்து நான்குக்கு ஏறிய பிள்ளையும் பரிசுக்கு உரியவன்தான்.

மாணவச் செல்வங்களே, பக்கத்துப் பிள்ளையின் வாளியை எட்டிப் பார்க்க வேண்டாம். நேற்று உங்களுக்குத் தெரியாதது இன்று எவ்வளவு தெரிகிறது என்று பாருங்கள். அந்த அளவு பொய் சொல்லாது.