குருதி திரும்பாத நுண்குழாய்கள்

கிண்ணியாவை அடுத்த குறிஞ்சாக்கேணியில் நீரைக் கடப்பது எளிய காரியமாக இருந்ததில்லை. பாலவேலை நடந்த 2021ஆம் ஆண்டு, நவம்பர் 23ஆம் நாள், பயணிகளை ஏற்றிய மிதவை கவிழ்ந்து பள்ளிச் சிறுவர் உள்ளிட்டோர் மாண்டனர். இத்தகைய ஊரில் ஒருவருக்கு நள்ளிரவில் மாரடைப்பு வருமாயின், வைத்தியசாலைத் தூரத்தைக் கட்டைக் கணக்கில் அளந்தாற் போதாது. நிமிடக் கணக்கில் அளத்தல் வேண்டும்.

அடைபட்ட முடியுரு நாடியை மருந்தாலோ பலூன் செலுத்தியோ திறந்துவிட்டால் ஆபத்து நீங்கியதென்றே பலரும் எண்ணுவர். பெருவாய்க்கால் திறந்தும் வயலிலுள்ள சிறுகால்கள் தூர்ந்திருந்தால் பயிருக்கு நீர் ஏது? இதயத் தசைக்குள் ஓடும் மயிர்த்துளைக் குழாய்களின் நிலையும் அதுவே. நெடுநேரம் குருதியின்றிக் கிடந்தால் அவற்றின் உட்சுவர் வீங்குகிறது. உறைகட்டித் துணுக்குகளும் வெள்ளணுக்களும் வழியை அடைக்கின்றன. சில குழாய்கள் சிதைந்து, தசைக்குள்ளேயே குருதி கசிகிறது.

1974ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வாளர் குளோனரும் அவர்தம் தோழர்களும் நாய்களின் இதய நாடியைக் கட்டிப் பார்த்தனர். 40 நிமிடத்தில் அவிழ்த்தபோது குருதி மீண்டும் பாய்ந்தது. 90 நிமிடத்தின் பின் அவிழ்த்தபோதோ, நாடி திறந்திருந்தும் உட்தசையின் சில பகுதிகளை அது எட்டவேயில்லை. மனிதருக்கு இக்கணக்கை அப்படியே பொருத்துதல் தகாது. ஆயினும் தாமதம் நீள நீளச் சேதம் மிகும் என்பதில் ஐயமில்லை.

இச்சேதம் நாடிப் படத்தில் தெரியாமலும் போகலாம். காந்த அதிர்வுப் படமே தெளிவாகக் காட்டும். அதனை உறுதியாகத் தடுக்கும் மருந்து இன்னும் வாய்க்கவில்லை. பின்னாளில் இதயம் தளர்ந்து மூச்சு வாங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். நெஞ்சுப் பாரத்தை வாயு என்றெண்ணி, இஞ்சிச்சாறு குடித்து விடியலுக்குக் காத்திருப்போர் எத்தனை பேர்! இலங்கையில் 1990 என்ற எண்ணை அழைத்தால் நோயாளர் வண்டி இலவசமாகவே வருகிறது.