மூன்று நிமிடத்தில் உங்கள் கோரிக்கை

(கடையநல்லூரில் இளைஞர்களுக்கான பேச்சுப் பயிற்சி வகுப்பில் நிகழ்த்திய தொடக்க உரை)

 

மேடைப் பேச்சுக்கு நம் சமுதாயத்தில் பஞ்சமில்லை. மீலாது விழாவோ பொதுக்கூட்டமோ, ஒலிபெருக்கியைப் பிடித்தால் விடாதவர்கள் தெருவுக்கு நான்கு பேர் உண்டு. மேடையில் வீற்றிருப்போரை "அவர்களே, அவர்களே" என்று விளித்து முடிப்பதற்குள் பத்து நிமிடம் கரைந்துவிடும். பிறகு அடுக்குமொழி, கைதட்டல்.

அதே சகோதரரைத் திங்கட்கிழமை தென்காசி ஆட்சியர் அலுவலகத்துக் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுவோடு நிற்கும்போது பாருங்கள்! "என்ன விஷயம்?" என்று அதிகாரி கேட்கிறார். நம்மவர் சாக்கடைப் பிரச்சினைக்கு வந்தவர். பாட்டனார் காலத்தில் அந்தத் தெரு எப்படி இருந்தது என்று ஆரம்பிக்கிறார். சாக்கடை வருவதற்குள் மனு அடுத்த மேசைக்குப் போய்விடுகிறது. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானதால் திருநெல்வேலிக்கு அலையும் சிரமம் தீர்ந்தது. சொல்லத் தெரியாத சிரமம் தீரவில்லை.

பேச்சு வராது என்று கூச்சப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஃபிர்அவ்னிடம் செல்லுமாறு கட்டளை வந்தபோது மூஸா (அலை) அவர்கள் கேட்ட துஆவைத் தாஹா சூராவில் ஓதுகிறீர்கள். தம் நாவின் முடிச்சை அவிழ்க்குமாறு இறைவனிடம் வேண்டினார்கள். தம்மைவிடத் தெளிவாகப் பேசும் சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களையும் துணைக்குக் கேட்டார்கள். ஒரு நபியே துணை கேட்டிருக்க, நன்றாகப் பேசும் நண்பரை மனுவோடு அழைத்துச் செல்ல நமக்கென்ன வெட்கம்? நம் நாயகம் (ஸல்) அவர்களோ, சொற்களை எண்ணிவிடலாம் என்னும் அளவுக்கு நிதானமாகப் பேசுவார்கள் என ஹதீஸ்கள் கூறுகின்றன. நம் பேச்சாளர்களின் வேகத்தை எண்ணிப் பாருங்கள்!

இனி, நம் பக்கத்து ஊர்க்காரரிடம் பாடம் கற்போம். 1896-ல் திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்த கண்ணியமிகு காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப் அவர்களைத்தான் சொல்கிறேன்.

1948 நவம்பர் 23. டெல்லி அரசியல் நிர்ணய சபையில் பொது சிவில் சட்டம் பற்றிய நகல் 35-ஆம் பிரிவு விவாதத்துக்கு வருகிறது. இன்றைய அரசியல் சட்டத்தில் அது 44-ஆம் பிரிவு. நாடு பிரிந்து பதினைந்து மாதமே ஆகியிருந்தது. முஸ்லிம் லீக் என்றாலே சந்தேகக் கண்ணோடு பார்த்த காலம். காயிதே மில்லத் எழுந்தார்கள். சட்டத்தில் சேர்க்க வேண்டிய வாசகத்தையே கையில் எழுதிக் கொண்டு வந்திருந்தார்கள். தனியார் சட்டம் உடைய எந்தச் சமூகத்தாரும் அதைக் கைவிடும்படி கட்டாயப்படுத்தப்படக் கூடாது என்பதே அதன் சாரம். வாசகத்தை வைத்த பிறகுதான் காரணம் வந்தது. தனியார் சட்டப்படி வாழ்வது அடிப்படை உரிமை. மதச்சார்பற்ற அரசு மக்களின் மார்க்கத்திலும் வாழ்க்கை முறையிலும் தலையிடலாகாது என்றார்கள். அடுத்து முன்மாதிரி. யூகோஸ்லாவியா சிறுபான்மையினர் உரிமைக்கு ஒப்பந்தப்படி உறுதியளித்திருந்ததையும், அதில் முஸ்லிம்களுக்கென இருந்த விதியையும் எடுத்துக் காட்டினார்கள். பேட்டையில் பிறந்தவர் ஐரோப்பிய ஒப்பந்தத்தைத் தேடிப் படித்துவிட்டல்லவா சபைக்குப் போயிருக்கிறார்!

திருத்தம் தோற்றது. ஆனால் டாக்டர் அம்பேத்கர் தம் பதிலில் ஒரு வழியைக் குறிப்பிட்டார்: கட்டுப்படச் சம்மதிப்பதாக அறிவிப்பவர்களுக்கு மட்டும் அச்சட்டம் பொருந்தும் என்று வருங்கால நாடாளுமன்றம் தொடங்கலாம் என்றார். உத்தரகண்ட் சட்டமன்றம் 2024-ல் பொது சிவில் சட்டத்தை நிறைவேற்றிய பிறகும், நம் தரப்பை எடுத்துச் சொல்ல அந்தப் பக்கங்களைத்தான் புரட்ட வேண்டியிருக்கிறது. அன்று அவர்கள் வெறும் ஆவேசம் பேசியிருந்தால் நாம் எதை எடுத்துக் காட்டுவோம்?

ஆகவே, முதலில் என்ன வேண்டும் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். "எங்கள் தெருவில் சாக்கடை வசதி இல்லை" என்பது முறையீடு. "இன்ன வீட்டிலிருந்து இன்ன பாலம் வரை வாறுகால் கட்டித் தர வேண்டும்" என்பதே கோரிக்கை. கோபம் வரும், அதைக் காரணத்துக்குப் பின்னால் நிற்க வையுங்கள். முன்பு மனுக் கொடுத்த தேதி தெரியாமல் "பல தடவை சொல்லியாச்சு" என்று சொல்லாதீர்கள். ரசீதை எடுத்துக் காட்டுங்கள்.

வேலைக்கான நேர்முகத் தேர்விலும் இதே கதைதான். "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றால் பெயர், தகப்பனார் பெயர், ஊர் என்று ஒப்பிக்கிறோம். அவை விண்ணப்பத்திலேயே இருக்கின்றன. நீங்கள் செய்த ஒரு வேலையைச் சொல்லுங்கள். ஆங்கிலம் தடுமாறினால் சிறிய வாக்கியமாகப் பேசுங்கள். யாரும் மதிப்பெண்ணைக் குறைக்க மாட்டார்கள்.

தமிழ் இலேசு என்றும் நினைத்துவிடாதீர்கள். பிழைக்கச் சிங்கப்பூர் சென்ற நம் கடையநல்லூர் முன்னோர் 1946-லேயே அங்கே உமறுப் புலவர் பெயரில் தமிழ்ப் பள்ளி தொடங்கினார்கள். உழைத்துச் சேர்த்த வெள்ளியை மொழிக்குச் செலவிட்டவர்களின் பேரப்பிள்ளைகள் நீங்கள்.

என் நேரம் முடிந்தது. இனி உங்கள் முறை. முன்வரிசைச் சகோதரர்கள் ஒவ்வொருவராக வாருங்கள். உங்கள் தெருவுக்கு வேண்டிய ஒரே ஒரு காரியத்தை மூன்று நிமிடத்தில் சொல்ல வேண்டும். "அவர்களே" வேண்டாம். எதிரே அமர்ந்திருக்கும் நான்தான் அதிகாரி. கடிகாரம் மேசைமேல் இருக்கிறது.