தாளப்பெட்டியிடம் நாம் வேண்டுவன
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

மின்னணுச் சுருதிப்பெட்டி பாட்டுப் பயிலும் இல்லங்களில் குடியேறி நெடுநாளாயிற்று. அதன் தங்கையாகிய தாளப்பெட்டியும் இன்று பின்தொடர்ந்து வந்துள்ளது. புதிதாக ஒரு தாளப்பெட்டியைச் செய்வோர், 'உங்களுக்கு என்னென்ன வேண்டும்?' என்று நம் இசைவாணரை வினவினால், நாம் கூறும் விடை யாது? அதுவே நான் எடுத்துக்கொண்ட பொருள்.

1930-களின் தொடக்கத்தில் அமெரிக்க இசையறிஞர் ஹென்றி கவல், மனிதர் கைகளுக்கு எளிதில் அகப்படாத பல தாளங்களை ஒருங்கே ஒலிப்பிக்க விரும்பினார். ருஷ்ய விஞ்ஞானி தெரமின் அவருக்காக 'ரிதமிக்கான்' என்னும் மின்கருவியைச் செய்தளித்தார். அக்கவலே பின்னாளில் தம் 13-ஆம் சிம்பொனிக்கு 'மதராஸ்' என்று பெயர் சூட்டினார். 1980-இல் ஜப்பானில் ரோலண்ட் டி.ஆர்-808 தோன்றியது. அதன் முகப்பில் 16 பொத்தான்கள் வரிசையாக அமைந்திருந்தன. 1982-இல் நம் மும்பைக் கலைஞர் சரண்ஜித் சிங் அக்கருவியை வைத்துக்கொண்டே இராகங்களை இசைத்து இசைத்தட்டுக்காகப் பதிவு செய்தார். ஆயினும், அரிய தாளங்களுக்கெனப் பிறந்த கருவி, நான்கு நான்காக எண்ணும் ஆட்ட இசைக்கே பெரிதும் உழைக்கலாயிற்று.

நமக்கோ நான்கு மட்டும் போதாது. ஏழு தாளங்கள் ஐந்து ஜாதிகளால் 35 ஆகின்றன. எட்டு எண்ணிக்கையுள்ள ஆதி தாளத்தில் ஓர் ஆவர்த்தனம் சதுச்ர நடையில் 32 மாத்திரை; திச்ரத்தில் 24; கண்டத்தில் 40; மிச்ரத்தில் 56; சங்கீர்ணத்தில் 72. இவை யாவும் பெட்டிக்குள் இருத்தல் வேண்டும். கண்ட சாபும் மிச்ர சாபும் உடன் இருத்தல் வேண்டும். இது முதல் வேண்டுகோள்.

பாட்டு எப்போதும் சமத்தில் தொடங்குவதில்லை. ஒன்றரை எண்ணிக்கை தள்ளி எடுக்கும் பாட்டுக்கு, அவ்விடத்தைத் தனி ஒலியால் உணர்த்த வேண்டும். இது இரண்டாவது.

மிருதங்கத்தின் வலந்தலை பாடுவோரின் சுருதியோடு சேர்வது. ஒரு கட்டையில் பாடுபவருக்கும் ஐந்து கட்டையில் பாடுபவருக்கும் பெட்டி இசைந்து கொடுக்க வேண்டும். இது மூன்றாவது.

பாடுவோரின் வலக்கை தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருக்கும். ஆதலின் பெட்டியைக் காலால் இயக்க வழி வேண்டும். இது நான்காவது.

இனி, யாவற்றினும் தலையாயது ஒன்றுண்டு. டோம்பிவிலியில் பாடும் சிறுமிக்கு நாள்தோறும் மாடுங்காவிலிருந்து ஒரு மிருதங்க வித்துவான் வந்து வாசிக்க இயலுமா? இயலாது. எனவே பெட்டி தேவையே. ஆனால் பெட்டி இடையறாது எண்ணிக்கொண்டேயிருந்தால், அச்சிறுமி எண்ணுவதை விட்டுவிடுவாள். காலப்பிரமாணம் அவள் நெஞ்சில் ஊன்றாது. மேடையில் பெட்டி இராது. அன்று அவள் கை தடுமாறும்.

ஆகவே, பெட்டிக்கு மௌனம் கற்பியுங்கள் என்று வேண்டுவோம். ஓர் ஆவர்த்தனம் ஒலிக்கட்டும், அடுத்தது ஊமையாகட்டும், அதன் பின் சமத்தில் மீண்டும் தட்டட்டும். சிறுமியின் கையும் பெட்டியின் ஒலியும் அங்கே கூடினால் அவள் தேறினாள். கூடாவிடில், எவ்விடத்தில் வழுவினாள் என்பதை அவளே அறிவாள். நாள் செல்லச் செல்ல மௌனம் இரண்டாகவும் நான்காகவும் நீளட்டும்.

மிருதங்க வித்துவான் பாட்டைச் செவிமடுக்கிறார்; பாடகர் நிரவலில் விரியும்போது தாமும் விரிகிறார்; அடங்கும்போது அடங்குகிறார். பெட்டி எண்ண வல்லது. அவரைப் போல் உடன் வாழ வல்லதன்று. ஆகையால் பெட்டி வீட்டில் பயிற்சிக்கு இருக்கட்டும். நம் சங்க மேடையில் அவருக்குரிய இருக்கையையும் சன்மானத்தையும் பெட்டியைக் காட்டிக் குறைக்கும் நாள் வாராதிருக்கட்டும்!