வெள்ளைக்கொடி ஏறுமுன்

(திருவிழாவையொட்டி ஆலய மண்டபத்தில் நிகழ்ந்த சமயச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



திருவருள் கூட்டிய இந்நன்னாளில் ஆலயத்தில் தீபம் ஒளிர்கிறது, மணி ஒலிக்கிறது, அன்னதானக் கூடத்தில் இலைகள் விரிக்கப்படுகின்றன. ஆயினும், திருமதிலுக்கு வெளியே உலகம் அமைதியாக இல்லை. போரும் வெள்ளமும் நோயும் விலைவாசி ஏற்றமும் நாள்தோறும் செய்தியாகி இல்லங்களுக்குள் நுழைகின்றன. இவற்றைக் கண்டு மனஞ்சோரும் அடியவர் ஒருவர், "இத்துணைப் பெரிய துயரத்தின்முன் தனியொரு மனிதரால் என்ன செய்ய இயலும்?" என்று வினவுவது இயல்பே. அவ்வினாவுக்குச் சமய மரபு விடை கூறாமல் விடவில்லை.

திருமூலர் தமது திருமந்திரத்தில் அறத்தை எளிய நான்கு செயல்களாக வகுத்துக் காட்டினார். இறைவனுக்குச் சாத்த ஓர் இலை. பசுவுக்குச் சிறிது புல். உண்ணத் தொடங்கும் வேளையில் பசித்தவர்க்கென ஒதுக்கும் ஒரு பிடி உணவு. பிறரிடம் பேசும் ஓர் இனிய சொல். இந்நான்கில் எதற்கும் பெருஞ்செல்வம் தேவையில்லை, பதவி தேவையில்லை. "எம்மால் இயலாது" என்று கூறி எவரும் விலகிச் செல்ல வழியில்லாதவாறு அறத்தின் வாயிலை அவர் அகலத் திறந்து வைத்தார்.

அவ்வாயிலில் நுழைந்து உயர்ந்தவர் அப்பூதியடிகள். திங்களூரில் வாழ்ந்த அவர், வழிப்போக்கர்களின் தாகம் தணியத் தண்ணீர்ப் பந்தல் அமைத்தார். அப்பந்தலில் அவர் தம் பெயரை எழுதவில்லை. அதுவரை நேரில் கண்டிராத திருநாவுக்கரசரின் பெயரையே எழுதினார். அவ்வழியே வந்த நாவுக்கரசர் வியப்புற்று, "உமது பெயரை எழுதாமல் வேறொருவர் பெயரை எழுதியது ஏன்?" என்று வினவினார். வந்தவர் யாரென்று அறியாத அப்பூதியடிகள் அவ்வினாவையே பொறுக்க மாட்டாமல் வருந்தினார் என்று சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் விரித்துரைக்கின்றார். தைப்பூச நாளில் பத்துமலைக்குச் செல்லும் வழியெங்கும் நீரும் மோரும் வழங்கும் பந்தல்கள் அனைத்தும் அத்திங்களூர்ப் பந்தலின் வழித்தோன்றல்களே. கொடுத்தவர் பெயர் மறைந்தாலும் தாகம் தணிந்தால் போதும் என்ற மனமே அப்பந்தலின் உண்மையான நிழல்.

மெய்யன்பர்களே! பெருந்துயர் சூழ்ந்த காலத்தில் சிறு செயலால் பயன் உண்டா என்ற ஐயத்துக்கு வடலூரும் விடை தருகிறது. இராமலிங்க அடிகளார் 1867ஆம் ஆண்டு மே மாதம் 23ஆம் நாள் அங்கே சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். வடலூர் மக்கள் மனமுவந்து அளித்த நிலத்தில் எழுந்தது அச்சாலை. வந்தவரின் சாதியும் சமயமும் கேளாது, பசி ஒன்றையே தகுதியாகக் கொண்டு அங்கே உணவு வழங்கப்பட்டது. தமிழகத்தின் பஞ்சங்களை அவ்வடுப்பு ஒன்றே ஒழித்துவிடவில்லை. 1876 முதல் 1878 வரை நிலவிய கொடும்பஞ்சம் அதன் பின்னரே வந்தது. ஆயினும், அன்று மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையவில்லை. பஞ்சம் வந்து போயிற்று. அடுப்பு நின்று எரிகின்றது. உலகின் பசி முழுவதும் தீர்ந்த பின்னர்தான் தம் பணிக்குப் பொருள் உண்டு என்று அடிகளார் காத்திருக்கவில்லை. எதிரே நின்றவரின் பசியைத் தீர்த்தார்.

பழங்காலச் செய்திகள் ஒருபுறம் இருக்க, மலேசிய மக்கள் தம் கண்முன்னே கண்ட ஒன்றும் உண்டு. கோவிட்-19 தொற்றின் காரணமாக 2021ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் நாள் நாடு முழுவதும் கடுமையான நடமாட்டக் கட்டுப்பாடு நடப்புக்கு வந்தது. நாட்கூலி பெற்றவர்கள் வருமானம் இழந்தனர். சேமிப்புக் கரைந்தது. அம்மாத இறுதியில், உணவின்றித் தவிப்போர் வீட்டு வாசலில் ஒரு வெள்ளைத்துணியைக் கட்டினால் போதும், கேட்காமலே உதவி வரும் என்ற செய்தி பரவியது. போர்க்களத்தில் தோல்வியின் அடையாளமான வெள்ளைக்கொடி, அன்று அக்கம்பக்கத்தாரை அழைக்கும் குரலாயிற்று. கொடி கண்ட வீடுகளுக்கு அரிசியும் எண்ணெயும் முட்டையும் வந்து சேர்ந்தன. கொண்டு வந்தவர் மலாய்க்காரரா, சீனரா, இந்தியரா என்ற கேள்வி எழவில்லை. அதே ஆண்டு டிசம்பர் மாதம் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா வெள்ளத்தில் மூழ்கிய போதும், கூரைமீது காத்திருந்தவர்களை மீட்கப் படகுகளோடு விரைந்தவர்களுள் பலர் சாதாரணப் பொதுமக்களே.

எனினும், அவ்வெள்ளைக்கொடி மற்றொன்றையும் உணர்த்துகிறது. கொடி கட்டுவதற்கு முன்பும் அவ்வீடுகளில் பசி இருந்தது. அடுத்த வீட்டார் அதை அறியவில்லை. மானத்தோடு வாழ்ந்த ஒரு குடும்பம் தன் வறுமையை வாசலில் தொங்கவிட்ட பின்னரே அது ஊருக்குத் தெரிந்தது. கொடி கட்டக் கூசி உள்ளேயே இருந்தவர்களும் இருந்திருப்பர் அல்லவா?

தோட்டப்புற லயன் வீடுகளில் வாழ்ந்த தலைமுறைக்கு அத்தகைய கொடி தேவைப்படவில்லை. ஒரு வீட்டில் அடுப்புப் புகையாவிட்டால் அடுத்த வீட்டுப் பெண்மணிக்கு அது தெரிந்துவிடும். "குழம்பு மிஞ்சிவிட்டது, பிள்ளைகளுக்குக் கொடு" என்று ஒரு கிண்ணம் வரும். மிஞ்சியது என்பது பொய்; பெறுபவர் தலைகுனியக் கூடாது என்பதற்காகச் சொல்லப்பட்ட புனிதமான பொய். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் பட்டணத்து அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தனர். வசதிகள் பெருகின, பிள்ளைகள் கல்வியில் உயர்ந்தனர். ஆனால், அடுக்குமாடியில் எவர் வீட்டு அடுப்பும் புகைவதில்லை. எரிகிறதா, அணைந்ததா என்று வெளியே தெரிவதுமில்லை. பத்து ஆண்டுகள் ஒரே மின்தூக்கியில் சென்று வந்தும் ஒருவர் பெயரை ஒருவர் அறியாத நிலை வந்துவிட்டது.

ஆகவே, இன்றைய அடியவர்க்குரிய பணி தெளிவாகின்றது. அன்னதானத்தில் ஆயிரம் இலை போடுவது சிறப்பு. படியேறி வர இயலாத முதியவர்க்கு அவ்வன்னத்தில் ஒரு பொட்டலம் கொண்டு சேர்ப்பது அதனினும் சிறப்பு. சில வெள்ளிக்கிழமைகளாகக் கோயிலுக்கு வராத முகத்தை நினைவு கூர்ந்து வீடு தேடிச் செல்லுதல், துணையை இழந்தவரிடம் கருமாதி முடிந்த பின்னரும் அமர்ந்து பேசுதல், கட்டணம் செலுத்த இயலாத மாணவருக்கு வெளியே சொல்லாமல் உதவுதல், கோயிலைத் துப்புரவு செய்யும் அயல்நாட்டுத் தொழிலாளியைப் பெயர் சொல்லி அழைத்து நலம் விசாரித்தல் ஆகியவை எல்லாம் வழிபாட்டின் பகுதிகளே. நன்கொடையாளர் பெயரை மலரில் அச்சிடுவது நன்றியின் வெளிப்பாடு, அது முறையே. ஆனால், எம்மலரிலும் இடம்பெறாத உதவியை இறைவனே குறித்து வைக்கின்றான்.

இச்செயல்களால் தொலைதூரத்துப் போர் நாளையே நின்றுவிடும் என்று சொல்வதற்கில்லை. ஆனால், மனிதர் மனிதரை மறப்பதிலிருந்தே எல்லாக் கொடுமைகளும் முளைக்கின்றன. அம்மறதி தன் வாசலில் வேர்விடாமல் காப்பது ஒவ்வொருவரின் கைக்கும் எட்டிய காரியம்.

திருவிழா நிறைவுற்றுக் கொடி இறங்கும் நாளில், ஒவ்வோர் அடியவரும் தம் வீட்டின் இருபுறமும் ஒருமுறை திரும்பிப் பார்க்கட்டும். வெள்ளைக்கொடி ஏறுமுன் அங்கே ஒரு கிண்ணம் போய்ச் சேரட்டும். அதுவே அம்பிகையின் திருவடிக்குச் சாத்தும் வாடாத மலர்.

எல்லா உயிர்களும் இன்புற்று வாழ்க!