பலருக்குப் பொதுவான கணினி

விழுப்புரம் மாவட்டத்து வானூர் வட்டத்தில் இரும்பை என்றோர் ஊர் உண்டு. திருஞானசம்பந்தரின் பதிகம் பெற்ற மாகாளேசுவரர் கோயிலால் அவ்வூரை அறிந்தவர் பலர். 1968-இல் தோன்றிய ஆரோவிலுக்கு அண்மையில் இருப்பதால் அறிந்தவர் வேறு சிலர். அங்கே ஓர் ஏரியும் இருக்கிறது. ஏரி நீர் எவர் ஒருவருக்கும் உரியதன்று. ஆயினும் யார் வயலுக்கு எப்பொழுது மதகு திறப்பது என்னும் முறை நம் ஏரிப் பாசன ஊர்களில் நெடுங்காலமாக வழங்கி வந்தது. இன்று நான் பேச எடுத்துக்கொண்டது கணினியைப் பற்றி. முறை வைத்துப் பங்கிடும் வழக்கத்தை அறிந்தவர்களுக்கு அது முற்றிலும் புதிய செய்தியாகத் தோன்றாது.

இரும்பையிலிருந்து திண்டிவனத்துக்கோ புதுவைக்கோ சென்று கல்லூரியில் பயிலும் மாணவர் ஐவர் கூடி ஒரு மென்பொருள் எழுத முற்படுகின்றனர் என்று கொள்வோம். ஒருவரிடம் புதிய கணினி. மற்றொருத்தியிடம் அக்காள் படித்த காலத்தில் அரசு வழங்கிய பழைய மடிக்கணினி. ஒருவர் கணினியில் நன்றாக ஓடும் நிரல் அடுத்தவர் கணினியில் ஓட மறுக்கிறது. அதற்குத் தேவையான துணைக் கருவிகள் இருவரிடத்தும் வெவ்வேறு பதிப்பில் இருப்பதே காரணம். "என்னிடம் ஓடுகிறதே!" என்னும் வாக்குவாதத்தில் ஒரு வாரம் கழிந்துவிடும். இதைத் தவிர்க்க வல்லது பொதுவான லினக்ஸ் மெய்நிகர் கணினி.

ஒரு பொறியைப் பலர் பகிர்வது நமக்குப் பழக்கமானதே. சென்னை ஐ.ஐ.டி.யில் 1973-இல் ஐ.பி.எம். 370/155 என்னும் பெருங்கணினி நிறுவப்பட்டது. துளையிட்ட அட்டைகளில் நிரலைப் பதித்துக் கொடுத்துவிட்டு, விடைக்குக் காத்திருந்த தலைமுறை அது. அதற்கு முன்பே, 1960-களில், அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரத்து ஐ.பி.எம். ஆய்வாளர்கள் ஒரு விந்தை செய்திருந்தனர். ஒரே பெருங்கணினியைப் பயன்படுத்திய ஒவ்வொருவருக்கும், தமக்கென ஒரு முழுக் கணினி இருப்பதாகத் தோன்றும்படி செய்தார்கள். மெய்நிகர் கணினி பிறந்தது அங்கேதான். 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸின் கருவிலேயே 2007-ஆம் ஆண்டில் கே.வி.எம். என்னும் பகுதி சேர்க்கப்பட்டது. அன்று முதல் இந்த வசதி விலையின்றி எவருக்கும் கிட்டுகிறது.

இனி அமைக்கும் முறை. ஐவருள் நல்ல கணினி உடையவர் அதைத் தாய்க்கணினியாகத் தரட்டும். அதன் செயலியில் மெய்நிகராக்கத்துக்கான துணை இருத்தல் வேண்டும். பெரும்பாலும் இருக்கும், ஆனால் பயோஸ் அமைப்பில் அணைத்து வைக்கப்பட்டிருக்கலாம். 16 ஜி.பி. நினைவகம் உண்டெனில் 8 ஜி.பி.யை விருந்தாளிக் கணினிக்கு ஒதுக்கினால் போதும். அனைத்தையும் கொடுத்துவிட்டால் தாய்க்கணினி மூச்சு முட்டும். பிணைய இணைப்பில் பலர் இடறுகின்றனர். வழக்கமாக அமையும் இணைப்பில் விருந்தாளிக் கணினி தாய்க்கணினியின் முதுகுக்குப் பின்னே மறைந்து நிற்கும். மற்றவர்களால் அதை நேரே அணுக இயலாது. பாலம் என்னும் முறையில் இணைத்தால் அதற்குத் தனி முகவரி கிடைக்கும். கம்பியில்லா இணைப்பில் இப்பாலம் பெரும்பாலும் அமையாது, கம்பியையே நாடுங்கள்.

பழைய மடிக்கணினி வைத்திருக்கும் மாணவி இப்போது என்ன செய்வாள்? எஸ்.எஸ்.எச். வழியே பொதுக் கணினிக்குள் நுழைகிறாள். கடுமையான உழைப்பெல்லாம் அங்கே நடக்கிறது. அவள் கணினி எழுத்துகளைக் காட்டினால் போதும். நல்ல கணினி வாங்க இயலாதவள் வாங்கியவனோடு சமமாக வேலை செய்கிறாள். எனக்கு இந்த ஏற்பாட்டில் மிகவும் பிடித்தது இதுதான்.

ஆனால் கணினி எவர் வீட்டில் இருக்கிறதோ அவரே எசமானர் ஆகிவிடும் அபாயமும் உண்டு. ஆகவே ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு கொடுங்கள். ஒரே கடவுச்சொல்லை ஐவரும் பகிர்வது கூடாது. எவர் எதை அழித்தார் என்று பின்னர் அறிய வழியிராது. 'ரூட்' என்னும் முழு அதிகாரம் இருவரிடம் இருக்கட்டும்: ஒருவர் ஊரில் இல்லையெனில் மற்றவர் உதவுவார். பொதுக் கோப்புறைக்கு ஒரு குழுவை உரிமையாக்கி, அதில் 'செட்ஜிட்' என்னும் அடையாளத்தையும் இடுங்கள். அங்கே பிறக்கும் புதிய கோப்பு ஒவ்வொன்றும் அக்குழுவுக்கே உரியதாகும். 'உமாஸ்க்' அளவை 002 என்று வைத்தால் குழுவினர் யாவரும் அதில் எழுதவும் கூடும். எனினும் ஒரே கோப்பை இருவர் ஒரே வேளையில் திருத்துவது வம்பு. அவரவர் தம் இல்லக் கோப்புறையில் படி வைத்துத் திருத்தி, 'கிட்' வழியாகப் பொதுக் களஞ்சியத்தில் சேர்ப்பதே நன்று.

கணினியின் நிலையை ஒரு நொடியில் படம் பிடித்து வைக்கும் வசதியும் இதில் உண்டு. புதிய கருவியொன்றை நிறுவுமுன் அவ்வாறு செய்தால், கெட்டுப்போனால் பழைய நிலைக்குத் திரும்பலாம். ஆனால் திரும்பும்பொழுது ஐவரின் இடைக்கால வேலையும் சேர்ந்தே மறையும். ஆதலால் எல்லாரிடமும் சொல்லிவிட்டே செய்க. அன்றியும், அப்படம் பெரும்பாலும் அதே வட்டில்தான் கிடக்கும். இடி விழுந்து வட்டு போனால் படமும் போகும். களஞ்சியத்தின் படியொன்றை வேறொரு வீட்டில் வைத்திருங்கள்.

வெளியூர் செல்லும் உறுப்பினர்களுக்கு வீட்டுக் கணினி பயன்படாமல் போகலாம். அப்பொழுது ஐவரும் பணம் சேர்த்து, தரவு நிலையம் ஒன்றில் மெய்நிகர் கணினியை மாத வாடகைக்கு எடுக்கலாம். மேற்சொன்ன கணக்கு முறைகள் அங்கும் அப்படியே பொருந்தும். உலகெங்கிலுமிருந்து கள்வர்கள் கதவைத் தட்டுவார்கள் என்பதால், கடவுச்சொல் நுழைவை நிறுத்திச் சாவிக்கோப்பு நுழைவை மட்டும் அங்கே வைத்துக்கொள்ள வேண்டும்.

படிப்பு முடித்து ஒருவர் விலகும்போது அவர் கணக்கை உடனே நீக்கிவிடாதீர்கள். லினக்ஸ் கோப்பின் உரிமையைப் பெயரால் குறிப்பதில்லை, எண்ணால் குறிக்கிறது. அதே எண் நாளை புதியவர் ஒருவருக்குக் கிடைத்தால், பழையவர் விட்டுச்சென்ற கோப்புகளெல்லாம் அவருடையவை ஆகிவிடும். கணக்கைப் பூட்டி வையுங்கள்; சாவிக்கோப்பையும் மறவாமல் அகற்றுங்கள். கடவுச்சொல்லை மட்டும் பூட்டினால் சாவி உடையவர் மறுநாளும் உள்ளே வந்து நிற்பார்.